கீரைக்கடையும் பன்னிரண்டு ஏக்கரும்

தைவான், தெற்குக் கரை
22-6-1987

அன்புள்ள ஜொஹரா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பன்றிக் கொழுப்பைத் தின்றுவிட்டேன். வந்த மூன்றாம் நாள், தெரியாமல், கீரைதானே என்று அரைத் தட்டு உள்ளே போய்விட்டது. வேறு யார் வாயிலாவது இது உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று முதல் வரியில் எழுதுகிறேன். மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஐஸ் தண்ணீரில் கால் படாமல் உட்காரச் சொன்னேனே, உட்காருகிறாயா?

இந்த ஊரில் எதை வதக்கினாலும் அந்தக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். விஷயத்தைச் சொன்னது தங்கவேல். சிங்கப்பூர்த் தமிழன், பம்பும் இறால் தீனியும் விற்கிற கம்பெனியின் ஆள். இறால் குளம் பழக என்னை இங்கே வரவழைத்த கம்பெனி அதுதான், இவன்தான் எனக்கு வாய், காது எல்லாம். நான் குழாயடியில் நின்று வாந்தி எடுப்பதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு மனசு கேட்காமல் கடைவீதிக் கோடியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனான்.

சவுகார்பேட்டை சேட்டுகள் வாசலில் ஸ்வஸ்திகம் போடுவார்களே, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு குறி வாசலில் இருக்கிறது. அந்தக் குறி இருந்தால் சைவமாம். ஆறு மேசை. மீன் இல்லை, கறி இல்லை, முட்டை இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. காய்க்குப் பூச்சிமருந்து அடிப்பதில்லை, மூட்டை உரம் போடுவதில்லை என்று பலகையில் எழுதி மாட்டியிருக்கிறாள் கடைக்காரி. அவள் பேர் மெய், நாற்பது வயசு இருக்கும். மருந்து வாங்கக் காசில்லாதவன் நம் பக்கம் செய்கிற விவசாயத்தை இவள் பலகை மாட்டி விற்கிறாள். நல்ல வியாபாரி.

வெந்நீரில் முக்கி எடுத்த சர்க்கரைவள்ளி இலை, சோயாப் பாலைத் திரித்துக் கட்டிய வெள்ளைக் கட்டி, காளான், தவிடு போகாத அரிசிச் சோறு. ருசி ஆஸ்பத்திரி ருசிதான். ஆனால் பயமில்லாமல் விழுங்கலாம்.

இனி வியாபாரம். இறால் குளங்களைப் பார்த்துவிட்டேன். நம் ஏரியில் ஒரு வலைக்காரன் வருஷமெல்லாம் பிடிக்கிறதை இங்கே ஒரு ஏக்கர் குளத்தில் நாலு மாதத்தில் எடுக்கிறார்கள். திருப்பாலைவனம் சகாதேவனின் பன்னிரண்டு ஏக்கரை விடவே கூடாது. தோணிரேவுக் குப்பத்துக்கு மேற்கே ஏரியைத் தொட்டுக்கொண்டு அப்படி ஒரு நிலம் வேறு கிடையாது. அச்சாரம் கொடுத்தாயிற்று. வில்லங்கம் பார்த்த சீட்டு வருவதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் அவர் பத்திரத்தில் கை வைக்க மாட்டார், நீயும் நெருக்காதே. ஆவணி முதல் வாரம் பொன்னேரியில் உன் பேருக்கே பதிந்துவிடு. நான் ஊரில் இல்லாததால் வேறு வழியில்லை. பதிந்ததும் மண்வெட்டுகிற துளசிங்கத்தை விட்டுக் கரையை வெட்டி ஏரித் தண்ணீரை உள்ளே விடட்டும். மண் உப்பில் ஊறினால்தான் நான் திரும்பியதும் குஞ்சு விட முடியும்.

தந்தி மட்டும் கொடுக்காதே. நம் ஊரில் தந்தி, வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஏலக்கூடத்துக்குப் போய்விடும். மெட்ராஸ் கம்பெனிக்கு நிலம் தேடுகிற கோபால் அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

துவாவில் என்னை மறக்காதே.
அப்துல் ஷுக்கூர்

---

பழவேற்காடு
8-7-1987

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் சலாம். இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுத ஆசைதான், முட்டி விடமாட்டேன் என்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பேர் சொல்லாமல் ஆள் விட்டுக் கேட்டேன். தெரியாமல் தின்றதற்குப் பாவமில்லை, வாயைக் கொப்பளித்துவிட்டுத் தொழுதால் போதும் என்றார். கேட்கப் போனவரிடம், ஷுக்கூர் பாய் சுகமாக இருக்கிறாரா என்றும் விசாரித்தாராம். பேர் சொல்லாமல் கேட்ட லட்சணம் அப்படி.

ஊரிலேயே பெரிய இறால் வியாபாரி சீனாக்காரி கடையில் கீரை மேய்கிறார் என்று நம் இறால் ஷெட்டில் சொன்னால் பெண்கள் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள். சொல்லவில்லை.

ஷெட்டு நடக்கிறது. இந்த வாரம் வெள்ளை இறால்தான், சின்னது. ஆள் குறைந்தால் நானே உட்கார்ந்து தலை கிள்ளுகிறேன். கோபாலின் ஜீப் இரண்டு முறை சகாதேவன் அண்ணன் களத்தில் நின்றது. அவர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டாராம். அச்சாரம் வாங்கிய மனுஷன் மோரோடு நிறுத்துகிறார். கோபாலும் மோரோடு நிற்பானா? ஆவணி ரொம்பத் தூரத்தில் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

குளம் வந்துவிட்டால் நான் ஷெட்டுக்குள் காலை வைக்க மாட்டேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உங்கள்
ஜொஹரா

---

தைவான்
11-7-1987

அன்புள்ள ஜொஹரா,

சலாம். உன் கடிதம் இன்னும் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், சும்மா உட்கார முடியவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கால்தான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் குளத்துக்குப் போகிறேன், பாடம் கேட்கிறேன், மத்தியானம் கீரைக்கடை, சாயங்காலம் திரும்பவும் கீரைக்கடை.

அங்கே ஒரு காரியம் செய்துவிட்டேன். தினம் சோறு போடுகிறாளே, வெறுங்கையோடு போகக்கூடாது என்று, கம்பெனிக்காரர்களுக்குக் கொண்டு வந்ததில் மிச்சமிருந்த காய்ந்த இறால் பொட்டலத்தை மெய்யிடம் நீட்டினேன். நம் ஊரில் அதைவிட மரியாதை இன்னா இருக்கிறது? இரண்டு கையாலும் வாங்கினாள். முகர்ந்தாள். வாசலுக்கு வெளியே போய், ஒரு முக்காலி போட்டு, தட்டு வைத்து, அதன் மேல் பொட்டலத்தை வைத்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். எனக்கு வழக்கத்தைவிட ஒரு அகப்பை சோறு கூட வைத்தாள். சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் முக்காலியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். தங்கவேல், "பாய், கோயில்ல போய் கருவாட்டைக் குடுத்திருக்கீங்க"ன்னு சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். போகும்போது பொட்டலத்தை நானே எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடைக்கு வருகிறவர்கள் சாமியார்கள் என்று நினைத்தேன். இல்லை. பாதிப் பேர் இறால் குளத்துக்காரர்கள். குளம் வைத்திருக்கிறவன் கீரைக்கடையில் வந்து ஏன் சாப்பிடுகிறான் என்று தங்கவேலிடம் கேட்டேன். இறால் அலுத்துப் போயிருக்கும் என்றான். கடைக்குள் மூன்று படி இறங்கிப் போக வேண்டும், எந்தக் கடைக்காரனாவது தெருவுக்குக் கீழே கடை கட்டுவானா என்றும் கேட்டேன். பழைய கட்டடம் பாய் என்றான். அவன் பதில்கள் எல்லாமே சீக்கிரமாக வருகின்றன.

நீ ஒன்றும் கவலைப்படாதே. அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். முட்டிக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தடவு.

ஷுக்கூர்

---

பழவேற்காடு
25-7-1987

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். கடிதம் வந்தது. எண்ணெய் தடவுகிறேன்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் குளத்தைப் பற்றி அரை வரி. மிச்சமெல்லாம் மெய், அவள் முக்காலி, அவள் படிக்கட்டு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் வைத்த சோற்றில் எத்தனை அகப்பை என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சும்மா சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும், தீனி எவ்வளவு தின்னும், இதையெல்லாம் எழுதினால் நான் இங்கே தூங்குவேன்.

வில்லங்கச் சீட்டு வந்துவிட்டது. சுத்தமாக இருக்கிறது. சகாதேவன் அண்ணன் விஷயத்தை என்னிடம் விட்டுவிடுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீங்கள் இல்லாதது வீட்டில் தெரிகிறது.

ஜொஹரா

---

தைவான்
26-7-1987

அன்புள்ள ஜொஹரா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் வீடும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் விஷயம்: பத்திரம் பதியாதே. ஆவணி பிறக்க இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது, இந்தக் கடிதம் பதினாலு நாளில் உன் கைக்கு வந்துவிடும். அதனால் பதறாமல் உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை, நான் பாடம் கேட்கிற குளத்துக்கு அடுத்த குளத்தில் இறால் பட்டப்பகலில் கரையோரமாக வந்து நின்றது. அது எதற்கு அறிகுறி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமை சிவந்து மிதந்தது. வியாழக்கிழமை தண்ணீரே தெரியவில்லை. நாற்றத்தை எழுத முடியாது. அந்தக் குளத்துக்காரன் மத்தியானம் கீரைக்கடையில் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து மூன்று கிண்ணம் சோறு தின்றான். மெய் அவனிடம் காசு கேட்கவில்லை. பழகின கைபோல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இப்படி வருகிறவன் இவன் முதல் ஆள் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாயைத் திறந்து, நம் பழக்கம் இருக்கிறதே, ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். சித்திரையில் முகத்துவாரம் அடைத்துக்கொண்ட பிறகு நம் ஏரி எப்படிக் கரிக்குமோ, அதில் பாதி. கடலோ அங்கிருந்து இரண்டு மைல். ஆனால் அவள் கொடுக்கிற டீ கரிக்கவில்லை. கேட்டேன். சமையலுக்குத் தண்ணீர் மலையிலிருந்து லாரியில் வருகிறது. மருந்தடிக்காத காய் என்கிறாளே, அது வளர்வது எங்கே தெரியுமா? கொல்லையில், பழைய இறால் பெட்டிகளில், மலையிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டு வந்த மண்ணில். பெட்டிக்கு வெளியே அவளுக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் இருக்கிறது. வெள்ளை பூத்துக் கிடக்கிறது. புல்கூட இல்லை.

அவள் தன் நிலத்தில் குளம் வெட்டவே இல்லை, ஜொஹரா. சுற்றி இருந்தவர்கள் வெட்டினார்கள். குளத்துக்கு வெறும் கடல் தண்ணீரில் உப்பு அதிகம் என்று ஆளுக்கு ஒரு பம்பு வைத்து பூமிக்கு அடியிலிருந்து நல்ல தண்ணீரை உறிஞ்சிக் கலந்தார்கள். நல்ல தண்ணீர் போன இடத்தில் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. நிலம் தாழ்ந்தது. அந்த மூன்று படி, அவள் மாமனார் கட்டும்போது ஏறிப் போகிற படியாம். கடை அப்படியே இறங்கிவிட்டது, தெருவை மட்டும் மண் கொட்டி உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். சுவரில் வருஷம் வருஷமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள், காட்டினாள்.

தங்கவேல் முதலில் இதை, வியாபாரம் மந்தம் என்று சொல்கிறாள் பாய், என்று ஒரே வரியில் முடித்தான். அவள் அவ்வளவு நேரம் பேசியதற்கு ஒரு வரியா என்று நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "பாய், நான் பம்பு விக்கிறவன். இத என் வாயால சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு முழுவதையும் சொன்னான்.

பன்னிரண்டு ஏக்கரின் மேற்கு மூலையில் கிணறு இருக்கிறது. தோணிரேவில் இருக்கிற அத்தனை குடமும் அந்தக் கிணற்றில்தான் நிறைகிறது. நான் தர்மம் பேசவில்லை. மூன்று போகம் எடுத்துவிட்டு நிலத்தைத் தூக்கி எறிகிற வியாபாரம் எனக்கு வேண்டாம். கிணறு கரித்துப் போனால் தோணிரேவுக்காரன் ஒரு கூடை இறால்கூட நம் தராசில் வைக்க மாட்டான், நேரே கோபாலிடம் போவான். நான் எழுந்ததே அவர்கள் கூடையால்தான்.

அச்சாரம் போனால் போகட்டும். சகாதேவனிடம், பாய் வந்து பேசுவார் என்று மட்டும் சொல். கரையைத் தொடாதே.

ஷுக்கூர்

---

பழவேற்காடு
4-8-1987

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். வாயில் சர்க்கரை போட்டுக்கொண்டு இதைப் படியுங்கள். நேற்று பத்திரம் பதிந்துவிட்டேன்.

ஆடியில் நடக்காது என்று நீங்கள் சொன்னதை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் கோபாலின் ஜீப் மூன்றாம் முறை வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறி திருப்பாலைவனம் போய், ஆவணி வரைக்கும் பொறுக்க வேண்டுமா அண்ணே என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"இன்னா பாயம்மா, ஆடி மாசம் பூரா ஆகாதுன்னு யார் சொன்னது? பதினெட்டு அன்னிக்கு தண்ணிக்கே மஞ்சக் குங்குமம் வெச்சிப் படைக்கிறோம். அன்னிக்கு செஞ்சது பெருகும். பாய்க்குத் தெரியாதா?"

"அவருக்கு இறால் மாசம்தான் தெரியும்" என்றேன்.

திங்கட்கிழமை ஆடி பதினெட்டு, ஆபீசும் இருந்தது. பொன்னேரியில் அவர் வேட்டி துவைத்து, நெற்றியில் குங்குமத்தோடு வந்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, வைக்கோல் போரை எடுத்துக்கொள்ள நாலு நாள் வேண்டும் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மீஞ்சூரில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறாராம். பன்னிரண்டு ஏக்கரும் இப்போது என் பேரில். ரிஜிஸ்தர் ஆபீசில் என் பேரைச் சத்தமாகப் படித்தார்கள். என் பேரை வெளியில் ஒருவர் அப்படிப் படித்து நான் கேட்டதே இல்லை.

நாளை மறுநாள் பெருநாள். அதற்கு முன் முடிந்தது நல்ல சகுனம். துளசிங்கத்திடம் பேசிவிட்டேன், அமாவாசைக்கு ஏரியில் ஏறுகிற தண்ணீருக்குக் கரை வெட்டுகிறான்.

உங்கள்
ஜொஹரா

---

தைவான்
18-8-1987

ஜொஹரா,

சலாம். சுகம். உன் கடிதம் இன்று வந்தது.

ஆடி என்றால் முப்பத்தொரு நாளும் கதவு சாத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் இங்கே சாவகாசமாகப் பேனா பிடித்திருக்கிறேன். முப்பது வருஷமாக அந்த ஊர்க்காரர்களோடு கொடுக்கல் வாங்கல். ஆடி பதினெட்டுக்குச் சகாதேவன் வீட்டுச் சித்ரான்னம் வருஷா வருஷம் நம் வீட்டுக்கு வருகிறது. தின்றேனே தவிர, எதற்கு என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேனா? இந்தத் தப்பு என்னுடையது. உன் மேல் ஒன்றும் இல்லை. கெட்டிக்காரத்தனமாகத்தான் முடித்திருக்கிறாய்.

பதிந்தது பதிந்ததாக இருக்கட்டும். கரையை மட்டும் வெட்டாதே. 26ஆம் தேதி எழுதியதில் காரணமெல்லாம் இருக்கிறது. அது எப்போது வந்தது என்று உடனே எழுது. அமாவாசை 24ஆம் தேதி என்று இங்கே காலண்டரில் பார்த்தேன். இந்தக் கடிதம் அதற்குள் வராது, தெரியும். அது வந்திருக்க வேண்டும். வந்திருக்கும்.

தந்தி ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். "கரை வெட்டாதே"ன்னு இரண்டே வார்த்தை. அதைக் கோபால் படித்தால் நாம் நிலத்தை வாங்கிவிட்டுத் திணறுகிறோம் என்று புரிந்துகொள்வான், மறுநாளே சகாதேவனின் பங்காளி நிலத்தை வளைத்து அவன் வெட்டுவான். திரும்பி வந்துவிட்டேன். சரியா தப்பா என்று தெரியவில்லை. பிறகு இன்னொரு தடவை போனேன். அப்போது சாத்திவிட்டார்கள்.

ஷுக்கூர்

---

தைவான்
31-8-1987

ஜொஹரா,

சலாம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முட்டி அதிகமாகிவிட்டதா?

கீரைக்கடையில் இப்போதெல்லாம் சோறு இறங்குவதில்லை. மெய் கேட்டாள், ருசி சரியில்லையா என்று. அவள் கேட்டது தங்கவேல் சொல்லாமலே புரிந்தது. அமாவாசை முடிந்து ஒரு வாரமாகிறது என்பதை நான் எந்தப் பாஷையில் சொல்ல?

அவளிடம் ஒன்று கேட்டேன், தங்கவேலை வைத்து. இவ்வளவு உப்புக்கு நடுவில் ஏன் இந்தக் கடை, மலைப்பக்கம் போய் வைத்தால் லாரித் தண்ணீர் மிச்சமாகுமே என்று. போய்விட்டால் சுவரில் கோடு யார் போடுவது என்றாள். வியாபாரத்துக்கு ஆகாத பதில். ஆனால் கடை நடக்கிறது.

எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது.

ஷுக்கூர்

---

பழவேற்காடு
2-9-1987

மச்சானுக்கு,

சலாம். நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

கரை வெட்டியாயிற்று. அமாவாசை அன்று துளசிங்கம் ஆறு ஆளோடு வந்தான். ஏரியை ஒட்டின தாழ்ந்த இரண்டு ஏக்கர் வரைக்கும் தண்ணீர் விட்டு, அதற்கு மேல் குறுக்குக் கரை போட்டு நிறுத்தச் சொன்னேன். நின்றிருக்கிறது.

உங்கள் கடிதங்கள் வந்தன. குழாய்த் தண்ணீர் கதையெல்லாம் படித்தேன். நான் ஒன்று கேட்கிறேன். பதினாறு வருஷம் ஷெட்டில் உட்கார்ந்து தலை கிள்ளினவள் நான். நகத்துக்கும் சதைக்கும் நடுவில் முள் ஏறாத விரல் என் கையில் ஒன்றுகூட இல்லை. ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி, தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது விரல் மடங்காது. அப்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்றீர்கள். குளம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. ஆசையைக் காட்டியவர் நீங்கள். எங்கோ ஒரு தீவில் கீரை தின்றுவிட்டு மனசு மாறுகிறவரும் நீங்கள்தான். பத்திரத்தில் இருக்கிற பேர் என்னுடையது.

தோணிரேவுப் பெண்கள் பன்னிரண்டு பேர் குடத்தோடு வந்து கரை மேல் நின்றார்கள். முன்னால் நின்றவள் காந்தா. நம் ஷெட்டுக்குக் கூடை கொண்டு வருவாளே, அவள்தான்.

"இன்னா பாயம்மா, ஏரி பத்தலையா உனக்கு? கெணத்தாண்ட வரைக்கும் கூட்டிக்கினு வரியே" என்றாள்.

"கெணறு கெணறாத்தான் கீது. போய் எட்டிப் பாரு" என்றேன்.

"இன்னிக்கு கீது" என்றாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எல்லோரும் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். மறுநாள் காந்தாவின் கூடை நம் ஷெட்டுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சகாதேவன் அண்ணன் மீஞ்சூரிலிருந்து திரும்பி வந்துவிட்டார். மருமகள் காலையிலிருந்து ரேடியோவைச் சத்தமாக வைக்கிறாளாம், உட்கார இடமில்லையாம். மேல்கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

நீங்கள் வந்தபிறகு சண்டை போடலாம்.

ஜொஹரா

---

தைவான்
15-9-1987

என் ஜொஹராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கை விரலைப் பற்றி எழுதியிருந்ததை நாலு தடவை படித்தேன். இனி மற்றதை எழுதுகிறேன்.

26ஆம் தேதிக் கடிதம் எப்போது வந்தது என்று நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இனி எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். அதைப் படிக்காதவளாக இருந்தால் பன்னிரண்டு ஏக்கரையும் வெட்டியிருப்பாய். படித்துவிட்டு எனக்குக் கட்டுப்பட்டவளாக இருந்தால் ஒரு கூடை மண் எடுத்திருக்க மாட்டாய். நீ இரண்டு ஏக்கர் வெட்டினாய், அதுவும் கிணற்றுக்கு எதிர்மூலையில், குறுக்குக் கரையோடு. அமாவாசைக்குப் பல நாள் முன்பே படித்துவிட்டு, யோசித்து, செய்திருக்கிறாய்.

கோபமில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் மூன்று ஏக்கர் வெட்டியிருப்பேன்.

கம்பெனியிடம் பம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்களாம், கேட்கட்டும். தங்கவேல் முகம் சுளிக்கவில்லை. மெய் கடைக்கு அவனே இப்போது தனியாகப் போய்ச் சாப்பிடுகிறான்.

அடுத்த மாதம் 3ஆம் தேதி சிங்கப்பூர், தங்கவேலின் அண்ணன் வீட்டில் ஒரு வாரம், அப்புறம் மெட்ராஸ். ஐப்பசி மழைக்கு முன்னால் பத்து ஏக்கர் யார் கையில் என்று முடிவாக வேண்டும். நான் சொல்வது இது: நாம் இரண்டு பேரும் வியாபாரிகள். உனக்கு எது வேண்டும், எதை விடுவாய் என்று எழுது. நான் வந்து பேரம் பேச மாட்டேன். கிணறு மட்டும் கரிக்கக்கூடாது. மற்றதெல்லாம் நீ சொல்கிறபடி. சிங்கப்பூர் விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

ஷுக்கூர்

---

பழவேற்காடு
29-9-1987

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் சலாம். உங்கள் பிரயாணம் நல்லபடியாக அமைய எல்லா வக்துத் தொழுகையிலும் துவா கேட்கிறேன். முட்டி பரவாயில்லை. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

அந்தக் கடிதம் ஆகஸ்ட் பத்தாம் தேதி வந்தது. நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கே கிணற்றுக்குப் போனேன், ஒரு வாளி இறைத்துக் குடித்தேன். பிறகு அமாவாசை வரைக்கும் தினமும் போனேன். கரை வெட்டின பிறகும் தினமும் போகிறேன். இதுவரைக்கும் இனிப்புதான். கரித்தால் அன்றைக்கே துளசிங்கத்தைக் கூப்பிட்டு ஏரி வாயை அடைப்பேன்; அதை உங்களைக் கேட்க மாட்டேன்.

காந்தாவை அழைத்துக் குறுக்குக் கரையையும் வடிகாலையும் காட்டினேன். ஏரிப்பக்கம் இரண்டு ஏக்கருக்கு மேல் உப்பு வராது என்றேன். "எழுதிக் குடுப்பியா?" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் கேட்கிறாள். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் கூடை வந்தது.

சகாதேவன் அண்ணனை வீட்டுக்கே வரச் சொல்லி, டீ கொடுத்து, பத்து ஏக்கரை உழுகிறீர்களா என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வித்த நெலத்துல குத்தகைக்காரனா நிக்கச் சொல்றியா பாயம்மா?" என்றார். நான் சமையலறைக்குப் போய் வேலையில்லாமல் நின்றேன். திரும்பி வந்தபோது, "எத்தினி மூட்டை கேக்கற?" என்றார்.

இனி முடிவு. பத்திரம் பன்னிரண்டு ஏக்கருக்கும் என் பேரிலேயே இருக்கும், நீங்கள் வந்து மாற்றக் கேட்கக் கூடாது. இரண்டு ஏக்கர் குளம் என்னுடையது. ஏரித் தண்ணீர் மட்டும், போர் போடுவதில்லை, பம்பு வைப்பதில்லை. கிணற்றில் யார் குடம் விட்டாலும் கேட்பதில்லை. பெருநாள் முடிந்த அன்றோடு ஷெட்டில் தலை கிள்ளுவதை நான் நிறுத்திவிட்டேன், என் இடத்துக்கு ஆள் நீங்கள் வந்து போடுங்கள். பத்து ஏக்கரைச் சகாதேவன் அண்ணன் மூன்று வருஷக் குத்தகைக்கு உழுகிறார். நான் ஏழில் ஆரம்பித்தேன், அவர் ஐந்தில் நின்றார். ஏக்கருக்கு ஆறு மூட்டை நெல், மழை பொய்த்த வருஷம் மூன்று.

ஜொஹரா